துறவா, கழுவாயா?

தாம் தோற்றுவித்த மென்பொருள் நிறுவனத்தைக் கொள்கை முரண்பாட்டால் விட்டு விலகினார் என்று ஒருவரைப் பற்றிக் கேள்வியுற்றதும், அவருக்குத் துறவிப் பட்டம் சூட்டிவிடுகிறோம். 2009இல் வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கௌம், பிரையன் ஆக்டன் ஆகிய இருவரும் ஃபேஸ்புக்கைவிட்டு நீங்கிய கதை இன்றளவும் இவ்வாறே சொல்லப்படுகிறது. இப்புகழுரையில் நமக்கு உடன்பாடில்லை.

ஆக்டன் 2017 செப்டம்பரில் விலகியபோது, தமக்கு வரவிருந்த ஏறத்தாழ 85 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கைவிட்டார் என்பது உண்மை. வாட்ஸ்அப்பில் விளம்பர வருவாய் தேட ஃபேஸ்புக் முனைந்ததே பிணக்கின் வேர். 2018 ஏப்ரலில் கௌமும் தம் விலகலை அறிவித்தார். விட்டது பெருந்தொகை, அதை நாம் எள்ளவில்லை. ஆனால் விட்டதை எண்ணுவோர் பெற்றதையும் எண்ணவேண்டாமா? 2014 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விற்பனையின் மதிப்பு 1,900 கோடி டாலர். வாங்கியதோ விளம்பரத்தாலேயே வளர்ந்த நிறுவனம். விற்றவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர். இருவரும் யாஹூவில் பல்லாண்டு பணியாற்றி விளம்பர வணிகத்தை உள்ளிருந்தே கண்டவர்கள். தாம் ஏன் விளம்பரம் விற்பதில்லை என்று 2012இல் உலகறிய எழுதியும் வைத்தவர்கள். புலியின் உணவு எதுவென்று அறிந்தே ஆட்டை அதன் கொட்டிலில் கட்டிவிட்டு, பின்னர் அதன் பசியைக் குறைகூறுவது எவ்வகை அறம்?

செய்திகளை அனுப்புநரும் பெறுநருமன்றிப் பிறர் படிக்க இயலாத மறையாக்கத்தை 2016 ஏப்ரலில் முழுமைப்படுத்தியது அவர்களுடைய அரும்பணி. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பயனரின் தொலைபேசி எண்ணை ஃபேஸ்புக்குடன் பகிரும் வகையில் விதிகள் மாற்றப்பட்டன. அப்போது இருவரும் பதவியில்தான் இருந்தனர். இரு நிறுவனங்களின் கணக்குகளை இணைப்பது பற்றி 2014இல் தவறான தகவல் தந்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 2017 மே மாதத்தில் ஃபேஸ்புக்குக்கு 11 கோடி யூரோ தண்டம் விதித்தது. அன்றும் அவர்கள் வெளியேறியிருக்கவில்லை.

"விலகுவதையன்றி வேறென்ன செய்திருக்க இயலும்?" என்று நண்பர்கள் வினவலாம். விடையை ஆக்டனே செயலில் காட்டினார். 2018 பிப்ரவரியில் 5 கோடி டாலர் அளித்துச் சிக்னல் அறக்கட்டளையை உடனிருந்து நிறுவினார். அது இலாப நோக்கற்ற அமைப்பு. பங்குதாரர் என்று எவருமில்லை. கொள்கையை நிறுவியவரின் நெஞ்சில் மட்டும் வைக்காமல் நிறுவனத்தின் அமைப்பிலேயே எழுதிவைக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. பயனர்களின் அந்தரங்கத்தைத் தாம் விற்றுவிட்டதாக அவர் அதே ஆண்டு ஃபோர்ப்ஸ் இதழுக்கு அளித்த நேர்காணலில் ஒப்புக்கொண்டார். அவரைப் போற்றுவோரைவிட அவரே தம்மைச் சரியாக மதிப்பிட்டிருக்கிறார்.

துறவு என்பது பற்றுமுன் விடுவது. பற்றி, விற்று, வருந்தி விடுவது கழுவாய். கழுவாயும் மதிக்கத்தக்கதே. ஆயினும் அதன் பயன் செய்தவருக்கே சேர்கிறது. அவர் சொல்லை நம்பித் தம் உற்றார் உறவினரையெல்லாம் அங்கே கூட்டிவைத்த கோடிக்கணக்கானோர்க்கு வெளியேற வழியேது? 2025 ஜூனில் வாட்ஸ்அப்பின் ஒரு பகுதியில் விளம்பரங்கள் வரும் என்று அறிவிக்கப்பட்டபோது, அதைத் தடுக்கும் இடத்தில் நிறுவியவர் எவரும் இல்லை.

இனியொரு நிறுவனர் கொள்கைக்காக விலகினார் என்று கேட்டால், அவர் வெளியேறிய நாளைக் கொண்டாடுமுன் அவர் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளைக் கேட்போம்.