மரத்தை எண்ணுகிறார்கள், மரத்தடியில் இருப்பவரை?

திருவண்ணாமலையில் ரோடு போடும் பேச்சு வந்தால் மூன்று குரல்கள்தான் கேட்கும். நெடுஞ்சாலைத் துறை 'அகலம் போதாது' என்கிறது. பக்தர்கள் 'நடக்க வசதி வேண்டும்' என்கிறார்கள். இயற்கை ஆர்வலர்கள் 'மரத்தைத் தொடாதே' என்கிறார்கள். அதே மரத்தடியில் கூடை வைத்துப் பிழைக்கிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது, 2016 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் தடுத்தது. நல்ல காரியம். அந்த 14 கிலோமீட்டரை வெயிலில் வெறுங்காலோடு நடந்தவருக்கு நிழலின் அருமை தெரியும். மரத்துக்கு ஒரு தீர்ப்பாயம் இருப்பதில் நமக்கு வருத்தமில்லை. மரத்தடியில் இருக்கிற மனிதருக்கு ஒரு மனு வாங்கும் மேசைகூட இல்லையே என்பதுதான் கேள்வி.

சாலை நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1924 இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான், பொதுச் சாலையில் எவரும் நடக்கலாம் என்று அரசாணை வந்தது. அதே ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் சிறை சென்றார். 1925 இல் மூன்று பக்கச் சாலைகள் திறந்தன, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. நூறாண்டுகளில் நடக்கும் உரிமை வந்துவிட்டது, குறைந்தபட்சம் காகிதத்தில். சாலையோரத்தில் நின்று பிழைக்கும் உரிமை இன்னும் அதிகாரியின் தயவில்தான் இருக்கிறது.

நிலம் உள்ளவருக்கு ஓரம் என்பது வண்டி நிறுத்தும் இடம். நிலமில்லாதவருக்கு அதுதான் கடை, களம், விறகுக்காடு எல்லாம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா புளியமரத்தடியில் வேர்க்கடலை அவித்து விற்கிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் வருமானத்தில்தான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். அந்த மரம் போனால் நிழலோடு அவருடைய முதலீடும் போகும். மரம் நின்றாலும், அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு 'அழகுபடுத்தினால்' கதை அதேதான்.

விதிகள் என்ன சொல்கின்றன? பொது இடத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஒன்றுக்குப் பத்துக் கன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மனிதருக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை.

நிலம் எடுப்பதற்கான 2013 ஆம் ஆண்டுச் சட்டம், நிலமே இல்லாத கூலிக்காரரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஏற்றது, சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தமிழக அரசு மாநில நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கியது. 2019 இல் உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அதே ஆண்டு வேறொரு சட்டம் போட்டு அதை மீட்டார்கள். 2021 இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஓரமோ ஏற்கனவே அரசு நிலம். எடுக்க வேண்டியதே இல்லை என்பதால் யாரையும் கேட்கவும் வேண்டியதில்லை.

'ஆக்கிரமிப்பாளர்களுக்கு என்ன உரிமை?' என்று கேட்பார்கள். 2014 ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம். 2024 இல் மாநகராட்சியான நம் ஊரில் சாலைத் திட்டம் எதுவும் இந்தக் குழுவைத் தாண்டிப் போகக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பை ஏலம் விடுவது அரசுத் துறைகளின் பழைய வழக்கம். முதல் உள்ளவர் ஏலம் எடுக்கிறார். கீழே உதிர்ந்ததைப் பொறுக்கும் கிழவி திருடி ஆகிறாள். கன்று நட்டுத் தண்ணீர் சுமக்க ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகும் பெண்கள் வேண்டும். பலன் மட்டும் அவர்களுக்கு வேண்டாமா?

நாம் கேட்பது மரமா மனிதரா என்ற சண்டையை அல்ல. மரம் போனால் முதலில் வெயிலில் நிற்பது நாம்தான். நாம் கேட்பது மூன்று.

ஒன்று: மரங்களைக் கணக்கெடுக்கும் அன்றே அவற்றை நம்பிப் பிழைப்பவர்களையும் கணக்கெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை ஊர் நடுவில் மட்டுமல்ல, சேரியிலும் கூட்டம் போட்டு வாசிக்க வேண்டும்.

இரண்டு: பசுமைக் குழுவில் தெருவோர வியாபாரிகளுக்கும் தலித் பெண்களுக்கும் இடம் வேண்டும். வேடிக்கை பார்க்க அல்ல, ஓட்டுப் போட.

மூன்று: புதிதாக நடும் மரங்களின் பலனை நிலமற்ற பெண்களின் குழுக்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்துக் கன்றில் பாதியாவது காலனித் தெருக்களுக்கு வரவேண்டும். நிழல் பக்தர் நடக்கும் பாதைக்கு மட்டும் சொந்தமல்ல.

அடுத்த முறை மரத்தில் பெயிண்ட் அடித்து எண் போட ஆள் வந்தால், அருகில் போய்க் கேளுங்கள்: 'ஐயா, இந்த மரத்துக்கு நம்பர் போட்டீங்க, எங்க நம்பர் எந்த நோட்டுல இருக்கு?' பதில் இல்லையென்றால் அதையே மனுவாக எழுதுங்கள். சேர்ந்து எழுதுவோம்.

ஜெய்பீம்!