துலங்கும் குழாயும் துலங்காத நுரையீரலும்



கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று கடல் கடந்து வணிகம் செய்தோரின் வழிவந்தவர்கள் நாம். ஏர்வாடி, கீழக்கரை வட்டாரத்துப் பழைய வீடுகளில், பாட்டனார் விட்டுச்சென்ற மரப்பெட்டிக்குள் ஒரு சுங்கான் கிடைத்தால் வியப்பதற்கில்லை. அதைத் துலக்கி நினைவுப்பொருளாகப் பேணுவதை நாம் குறை கூறவில்லை. துலக்கியதில் மீண்டும் புகையிலை அடைத்து வாயில் வைப்பதையும், "சுத்தமாகிவிட்டதே, இனி என்ன கேடு?" என்னும் வாதத்தையுமே எதிர்க்கிறோம்.

துலக்கும் வேலையே இந்த வாதத்திற்கு மறுப்பாக நிற்கிறது. பிரையர் வேர்க்கட்டையில் குடைந்த கிண்ணத்தின் உட்புறம் கரி படிந்து இறுகியிருக்கும். அளவுக்கு மீறித் தடித்தால் வெப்பத்தில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும் என்பதால் அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். மரத்தில் ஊறிய தாரையும் நாற்றத்தையும் இழுக்க, கிண்ணத்தில் உப்பை நிரப்பிச் சாராவியை ஊற்றி ஓர் இரவு விடுகிறார்கள். காலையில் உப்பு பழுப்பேறியிருக்கும். கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பர்த் தண்டு வெயிலிலும் காற்றிலும் பச்சை கலந்த பழுப்பாக வெளுத்திருக்கும். அதை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துக் கறுப்பாக்குகிறார்கள். தண்டின் துளைக்குள் விட்ட பஞ்சுத்திரி கன்னங்கரேலென்று வெளியே வருகிறது. கட்டைக்கு உப்பும் சாராவியும் உண்டு. அதே தார் படிந்த நுரையீரலுக்கு எந்தத் திரியை விடுவது?

அழகிய குழாயே புகையிலைக்கு வாசல் திறந்தது என்பதற்கு வரலாறும் சாட்சி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக், அக்பரின் அவையில் புகையிலையை வெறும் இலையாக வைக்கவில்லை. அச்சே நாட்டுத் தண்டு, அதன் முனைகளில் மணிகள், வாய் வைக்குமிடத்தில் ஏமன் நாட்டு அகீக் என்று அலங்கரித்து வைத்தார். மருத்துவர் தடுத்தும் பேரரசர் சில முறை இழுத்துப் பார்த்தார். அவரிடம் அது வழக்கமாகவில்லை, பிரபுக்களிடம் வழக்கமாகிவிட்டது. 1617இல் ஜஹாங்கீர் தடை விதித்தும் அது ஒழியவில்லை. மயக்கியது மணி, உள்ளே போனது நஞ்சு.

உக்காவின் நீர் புகையைக் கழுவிவிடும் என்பதும் இதே வகை ஏமாற்றுதான். நீர் புகையைக் குளிர்விக்குமே தவிர நஞ்சை நீக்காது. தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் உக்கா கூடங்களுக்குத் தடை விதிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியதும் வீணாக அன்று.

"முன்னோர்களான ஆலிம்கள் இதில் கருத்து வேறுபட்டார்களே" என்று சிலர் கேட்கலாம். உண்மை. மத்ஹபுகளின் இமாம்கள் காலத்தில் புகையிலை நம் நாடுகளுக்கு வரவில்லை; பின்வந்தோர் ஆகுமென்றும், மக்ரூஹ் என்றும், ஹராம் என்றும் கூறினர். அதன் கேடு அன்று இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்கவில்லை. இன்று ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புகையிலையால் மடிவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நம்மைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் நிறைந்த மலேசியாவில், தேசிய ஃபத்வாக் குழு 1995இலேயே புகைப்பிடித்தல் ஹராம் என அறிவித்தது. தம் கைகளாலேயே அழிவைத் தேடிக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கிறது. பச்சைப் பூண்டு உண்டவரையே அதன் வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். புகையிலை வாடையோடு ஸஃப்பில் நிற்பவர் தம் அருகில் நிற்பவரை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பாட்டனாரின் சுங்கானைத் துலக்குங்கள். தண்டின் துளையை மெழுகால் அடைத்துக் கண்ணாடிப் பேழையில் வையுங்கள். அவர் எந்தத் துறைமுகத்தில் என்ன வணிகம் செய்தார் என்று ஒரு சீட்டில் எழுதி அருகில் வையுங்கள். பேரப்பிள்ளைகள் அவருடைய உழைப்பை வாரிசாகப் பெறட்டும். இருமலைப் பெற வேண்டாம்.

அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் தீய பழக்கங்களிலிருந்து காப்பானாக! ஆமீன்.