தங்கம் போச்சு, தூசு மட்டும் ஏன் மிச்சம்?

கே.ஜி.எஃப். என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? 2018-ல் வந்த படம், அந்த பேக்ரவுண்ட் மியூசிக், ஸ்டேட்டஸில் வைத்துச் சுற்றிய வசனங்கள். இன்னும் சிலர் 2024-ல் வந்த ‘தங்கலான்’ என்பீர்கள். சரி, படம் முடிந்தது, தியேட்டரில் லைட் போட்டாச்சு. அந்த ஊர் இப்போ எப்படி இருக்குன்னு யோசித்திருக்கிறோமா?

பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரம்தான். கர்நாடகாவில் இருந்தாலும் அங்கே தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து பிழைப்பு தேடிப் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அந்த லைன் வீடுகளில் இருக்கிறார்கள்.

நம்மைப் போல இன்ஜினியரிங் படிப்பவர்கள் அவசியம் தெரிஞ்சுக்க வேண்டிய ஊர் அது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியது. 1902-லேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே போனது. 1965-ல் அங்கே 2.3 கி.மீ. ஆழத்தில் வைத்த கருவிகளில்தான் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது. உலகத்திலேயே முதன்முதலில் அதைக் கண்ட இடங்களில் ஒன்று நம்ம கோலார்!

அப்புறம் கணக்கு கட்டுப்படியாகவில்லை. ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது, பாறையில் தங்கம் குறைந்துகொண்டே வந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றதும் சுரங்கப் பாதைகளில் தண்ணீர் ஏறிவிட்டது.

ஆனால் மேலே இருப்பது அப்படியேதான் இருக்கிறது. பாறையை மாவு மாதிரி அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய கழிவு அது. மொத்தம் 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். சினிமாக்காரர்களுக்கு அது சூப்பர் லொகேஷன். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு? காற்றடிக்கும் மாதங்களில் அந்தப் பொடி கொடியில் காயும் துணியிலும், மூடாத சோற்றுப் பானையிலும் வந்து உட்காரும்.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மூடிய நாளிலிருந்தே தொழிற்சங்கங்கள் தெருவிலும் கோர்ட்டிலும் போராடின. ‘சுரங்கத்தை எங்களிடம் கொடுங்கள், நாங்களே நடத்துகிறோம்’ என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். 2013-ல் சுப்ரீம் கோர்ட், உலகளாவிய டெண்டர் விட வழி திறந்தது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, அந்த 13 மேடுகளையும் மறுபடி பதப்படுத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதம் சொன்னது.

‘நல்ல விஷயம்தானே, வேலை கிடைக்குமே’ என்பீர்கள். எனக்கும் திட்டம் வேண்டாம் என்ற எண்ணமில்லை. ஆனால் கொஞ்சம் கணக்குப் போடுவோம். அந்தக் கழிவில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூட இல்லை. அதை எடுத்து லாபம் பார்க்க வேண்டுமென்றால் பெரிய மெஷின்கள் வேண்டும், ஆட்கள் அதிகம் தேவைப்படாது. ஒரு காலத்தில் 30,000 பேருக்குச் சோறு போட்ட சுரங்கம் இந்த வழியில் திரும்பி வராது. வரும் என்று நம்ப வைப்பது அந்த மக்களை இரண்டாவது தடவை ஏமாற்றுவது.

அதனால், ‘மறுபடி தோண்டலாமா’ என்பதோடு கேள்வியை நிறுத்தக் கூடாது என்கிறேன். தோண்டிய பிறகு அந்த இடம் என்ன ஆகும், யாருக்கு ஆகும்? டெண்டர் எடுப்பவர் தங்கத்தை எடுத்துக்கொண்டு கழிவை வேறு இடத்தில் மேடாகக் கொட்டிவிட்டுப் போனால் என்ன மாற்றம்? பிரித்தெடுத்த பின் மிஞ்சுவதை மண் மூடி, புல்லும் மரமும் வளர்த்துக் கொடுப்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கிடைக்கிற வேலைக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து முதலில் எடுக்க வேண்டும். லாபத்தில் ஒரு பங்கு அந்த ஊரின் தண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். இது தர்மம் இல்லை, நூறு வருஷத்துக் கடன்.

இன்று நிலைமை என்ன? மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விடிவதற்குள் கிளம்பினால் வீடு திரும்பும்போது இருட்டிவிடும். பெற்ற பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைதான் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள்.

நாம என்ன செய்ய முடியும்னு கேட்கிறீர்களா? ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு நெட்டில் தேடி, சீனியர் செய்ததையே பெயர் மாற்றிக் கொடுப்பதற்குப் பதில் இப்படி யோசியுங்கள். தூசு அளக்கும் சென்சார் நாலு சேர்த்து அந்தத் தெருக்களில் ஒரு வருஷம் வைக்கலாம். எந்தப் புல் அந்த மண்ணில் வேர் பிடிக்கும் என்று சிவில் பசங்க சோதித்துப் பார்க்கலாம். கையில் அளவு இருந்தால்தான் ஊர்க்காரர்கள் சொல்வதை அதிகாரி காது கொடுத்துக் கேட்பார். ‘தூசு பறக்குது சார்’ என்று வாயால் சொன்னதை இத்தனை வருஷம் யார் கேட்டார்கள்?

அடுத்த லீவுக்கு பெங்களூர் போனால் ஒருநாள் ஒதுக்கி மாரிக்குப்பம் ரயில் ஏறுங்கள். மேட்டு மேலே ஏறி செல்ஃபி எடுப்பது இருக்கட்டும். கீழே இறங்கி, ஏதாவது ஒரு லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். தமிழிலேயே பேசலாம்.