படவரிசையும் காணாமற்போன பெட்டியும்

தான் செய்த பொருள் தன் கண்ணுக்கு அழகாய்த் தோன்றின், பிறர் கண்ணுக்கும் அவ்வாறே தோன்றும் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. இணையப் பக்கம் அமைப்போர்க்கு இவ்வெண்ணம் எத்துணை இழுக்கைத் தருகின்றது என்பதைச் சென்ற ஆண்டு தோணிரேவிலே நேரிற் கண்டேன். அதனை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோணிரேவு பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் ஊர். ஏரியை நம்பி வாழும் அப்பகுதி மக்களுள் மகளிர் சிலர் பனையோலையாற் பெட்டிகள் முடைந்து பொருளீட்டுகின்றனர். அப்பெட்டிகளைத் தொலைவிலுள்ளாரும் கண்டு வாங்குமாறு மாணவர் சிலர் கூடி ஓர் இணையப் பக்கம் அமைத்தோம். எட்டுப் படங்கள் மூன்று நொடிக்கு ஒன்றாக மாறித் தோன்றும் படவரிசை அதன் முகப்பில் விளங்கிற்று. நண்பர் ஒருவருடைய மாக் கணினியின் சபாரி உலாவியில் அது குறையின்றி ஓடிற்று. நாங்களும் மகிழ்ந்து ஊருக்குச் சென்றோம்.

அங்கே ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் குரோம் உலாவியில் அதனைத் திறந்தபோது எங்கள் பெருமிதம் ஒழிந்தது. முதற்படம் திரைக்கு அப்பாற் சென்று பாதி மறைந்தது. வேறு சில படங்கள் வந்து சேருமுன்னரே அவற்றின் முறை கழிந்தது. நான்காம் படத்தின் இடமோ எப்பொழுதும் வெறுமையாய் நின்றது. அந்நான்காம் பெட்டியை முடைந்த அம்மையார், "தம்பி, எல்லாருடைய பெட்டியும் ஒருமுறையாவது வருகிறது, என்னுடையது மட்டும் எங்கே?" என்று வினவினார். எங்களுக்கு நா எழவில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. நான்காம் படம் ஐபோனில் எடுக்கப்பட்டது. 2017 முதல் ஐபோன் தன் படங்களை எச்.இ.ஐ.சி. என்னும் வடிவிற் சேமித்து வருகின்றது. 2023இல் வெளிவந்த சபாரி 17 அவ்வடிவத்தைக் காட்டும், குரோம் காட்டுவதில்லை. படத்தின் அகலத்தைத் திரைக்கேற்ப விடாமல் புள்ளிக்கணக்கில் வரையறுத்தமையால் அது விளிம்பைக் கடந்தது. படம் வந்ததா என்று பாராமல் நொடியை மட்டும் எண்ணியமையால் வெற்றிடம் தோன்றிற்று. ஆகவே பிழை உலாவியினுடையது அன்று, எங்களுடையதே.

உலாவிகள் தத்தம் போக்கிற் சென்ற காலம் ஒன்று உண்டு. நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் போட்டியிட்ட 1990களில், "இப்பக்கத்தை இன்ன உலாவியிற் காண்க" என்று முகப்பிலே எழுதிவைத்தோர் பலர். பழவேற்காட்டு ஏரியிலே, இன்ன நாளில் இன்னார் வலையிடுவது என்று முறைவைக்கும் 'பாடு' என்னும் வழக்கு உண்டு. அம்முறை இல்லையேல் நீர் ஒன்றாயினும் பூசல் பலவாகும். இணையத்துக்கும் அத்தகைய பொதுவிதி வேண்டும் என்றே டிம் பெர்னர்ஸ்-லீ 1994இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் என்னும் அவையை நிறுவினார். இன்று விதிகள் பெரிதும் ஒன்றுபட்டுள்ளன. எக்ஸ்புளோரரும் 2022இல் ஓய்வுபெற்றது. எனினும், விதி இருந்தும் அதனை நோக்காது, தன் கருவியில் ஓடினாற் போதும் என்பார்க்கு விதியால் யாது பயன்?

"புதிய கைப்பேசி வாங்கிக்கொள்ளட்டுமே" என்பர் சிலர். பெட்டி விற்று அரிசி வாங்குவாரிடம் இதனைக் கூறுவது அறமாகாது. "படவரிசையே வேண்டா" என்பர் வேறு சிலர். அதுவும் மிகை. எனது துணிபு இது: எட்டுப் படங்களும் விலையும் விளக்கமும் அசைவின்றி ஒன்றன்கீழ் ஒன்றாக முதலிற் பக்கத்தில் நிற்கவேண்டும், அசைவு அதன்மேற் பூட்டும் அணியாதல் வேண்டும். அணி கழன்றாலும் உருவம் நிற்கும். தரவைச் சுருக்கித் தரும் ஓப்பரா மினி போன்ற உலாவிகளில் நிரல்கள் முழுமையாய் ஓடுவதில்லை. ஆயினும் நிலையான படங்கள் அவற்றிலும் தோன்றும். தானே அசைவது ஐந்து நொடிக்கு மேல் நீடிப்பின் அதனை நிறுத்த வழி வேண்டும் என்பது, மேற்கூறிய அவை 2008இல் வெளியிட்ட அணுகுநெறியின் கட்டளை. மெல்லப் படிப்பார்க்கும் கண்பார்வை குன்றியோர்க்கும் அஃது எத்துணை உதவி! பார்வையற்றோர்க்குப் படத்தின் விளக்கத்தைச் சொல்லால் எழுதிவைத்தலும் நம் கடனே.

இவ்வாறே நாங்களும் திருத்தினோம். படங்கள் அனைத்தையும் ஜேபெக் வடிவுக்கு மாற்றி, அகலத்தைத் திரையின் அளவுக்கு அடக்கி, தானே ஓடுவதை நீக்கி, விரலால் தள்ளினால் மட்டும் நகருமாறு அமைத்தோம். பின்னர் எங்கள் கணினியில் அன்று, அவ்வூரின் மிகப் பழைய கைப்பேசியிலே முதலிற் சோதித்தோம். அம்மையார் தம் பெட்டியை நெடுநேரம் நோக்கினார். பிறகு, "கைப்பிடி சரியாகத் தெரியவில்லையே, வேறு படம் எடுங்கள்" என்றார். அச்சொல் எங்களுக்குப் பரிசிலினும் இனிதாயிற்று. காணாத பெட்டியிற் குறைகூற எவராலும் இயலாதன்றோ?

கணினி பயிலும் தோழர்காள்! நும் பக்கம் முடிந்தது என்று கருதுமுன், நும்மினும் எளியவர் கையிலுள்ள கருவியில் அதனை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே அது தோன்றுமாயின் எங்கும் தோன்றும்.