2 நபரா, இரண்டாம் நபரா?

நெய்வேலியில வளர்ந்தவங்களுக்கு எண் பழகிப்போன விஷயம். வட்டத்துக்கு எண், சுரங்கத்துக்கு எண், அனல் மின் நிலையத்துக்கும் எண். ‘இரண்டு சுரங்கம்’னா எண்ணிக்கை. ‘இரண்டாம் சுரங்கம்’னா வரிசை. ‘சுரங்கம் 2’ன்னு பலகையில இருந்தா அது வெறும் பேர். (1ஏ-ன்னு ஒரு சுரங்கம் இருக்கு, அதுக்கு ‘ஆம்’ போட்டுப் பாருங்க!) 1962ல் ஓட ஆரம்பிச்ச முதல் அனல் மின் நிலையத்தை 2020ல் நிறுத்திட்டாங்க. இரண்டாவது இன்னமும் இரண்டாவதுதான். வரிசை வேற, எண்ணிக்கை வேற.

லத்தீன்லயும் இந்தப் பிரிவு உண்டு. அங்க எண்ணும் பெயரடைதான். கூட வர்ற பெயரோட பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏத்தபடி மாறணும்: ஊனுஸ், ஊனா, ஊனும். நம்ம ஒருவன், ஒருத்தி, ஒன்று மாதிரி. இந்தக் கெடுபிடி மூணோட சரி. நாலுலேர்ந்து நூறு வரைக்கும் பெரும்பாலும் மாறாது, இருநூறுல மறுபடி ஆரம்பிச்சிடும். வரிசை எண்கள்லயோ எல்லாமே மாறும். அதுல முதலாவதான ‘பிரீமுஸ்’ ஊனுஸ்லேர்ந்து வரலை, நம்ம ‘முதல்’ ஒன்றுலேர்ந்து வராத மாதிரியே.

தமிழ்ல வேற்றுமை உருபைப் பெயர் சுமந்துக்கும்: அறுசுவையை, அறுசுவைக்கு. ஆனா பெயரோட சேரும்போது எண் தன் உருவத்தை மாத்திக்கும். முக்கனி, மூவேந்தர், நாற்காலி, ஐம்புலன், எண்திசை. தொல்காப்பியத்துல குற்றியலுகரப் புணரியல்ல இதுக்குன்னே வரிசையா நூற்பாக்கள் இருக்கு. மனுஷங்களை எண்ணத் தனிச்சொல்லே உண்டு: ஒருவர், இருவர், மூவர், எண்மர்.

இவ்வளவும் வச்சுக்கிட்டு, பொட்டி தட்டுற நாங்க என்ன பண்றோம்? ஆங்கில வாக்கியத்துல ஒரு இலக்கத்தை ஒட்டி, மிச்சத்தை மட்டும் மொழிபெயர்க்கக் கொடுக்கறோம். ‘1 நபர்கள்’னு வந்தாக்கூட சிரிச்சுட்டுப் போயிடலாம். ‘வரிசை: 2 நபர்’னு வந்தா? எனக்கு முன்னாடி இருவரா, இல்ல நானே இரண்டாவது ஆளா? மருத்துவமனையில டோக்கனோட உட்கார்ந்திருக்கற, தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்ச பெரியவர் இதை வச்சு டீ குடிக்கப் போகலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்ணுவார்?

யூனிகோடு விதிகள்ல தமிழுக்கு ஒருமை, மற்றவைன்னு ரெண்டே வகைதான். ஆனா குறிப்பிட்ட எண்ணுக்குத் தனி வாக்கியம் எழுதவும் வழி இருக்கு. ‘உங்களுக்கு முன் ஒருவர்’, ‘உங்களுக்கு முன் இருவர்’. பத்து வரைக்கும் எழுதினா பத்தே வரி. ஒரு டீ நேர வேலைங்க அது.