பதினைவரும் ஒருவனும்

எம் கிள்ளான் தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவனொருவன், உதவித்தொகை பெற்று, தேசிய இடைநிலைப் பள்ளியினின்று அனைத்துலக உறைவிடப் பள்ளிக்குச் சென்றான். மாலையிட்டோம், பிரிக்பீல்ட்ஸில் விருந்தும் வைத்தோம். அவன் தமிழ் என்னாகும் என எவரும் கேட்டிலர், நானும் கேட்டிலேன்.

அவன் விட்டகன்ற பள்ளியிலோ, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, 15 மாணவர்தம் பெற்றோர் வேண்டினால் தமிழ் கற்பித்தல் வேண்டும். தனியார் பள்ளியை அவ்விதி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தினும் பயனென்ன? அங்குச் செல்பவன் ஒருவனன்றோ! "வீட்டில் தமிழ் பேசுவானே" என்பர். உறைவிடப் பள்ளியில் வீடு ஏது, ஐயா?

போகாதே எனத் தடுக்கச் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளையின் வாய்ப்பைக் கெடுப்பது ஆசிரியன் பணியன்று. ஆனால், வாரம் இரண்டு மணி நேரம் தமிழாசிரியர் ஒருவர் சென்றுவர இசைவு தருமாறு, உதவித்தொகை வழங்குவோரிடம் எழுத்தில் கேளுங்கள். நாம் விருந்துக்குச் செலவிட்ட தொகையில் அவ்வாசிரியரின் ஒரு தவணைப் பயணச் செலவு அடங்கியிருக்கும்.