கை மரத்துப் போகிறது... பழி மட்டும் செல்போன் மீது!
ஷூ தொழிலாளிக்கு 70 சதவீதமா, 90 சதவீதமா?

ஆம்பூர்-

சாயங்காலம் ஷிப்டு முடிந்து ஷூ கம்பெனி பஸ் கிளம்புகிறது. பஸ் மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் எல்லார் கையிலும் செல்போன். பேரணாம்பட்டு போகிறவரானாலும் சரி, வாணியம்பாடி போகிறவரானாலும் சரி, வீடு வரும்வரை பெருவிரல் நிற்பதில்லை.

ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் கலைகிறது. கை மரத்துக் கிடக்கிறது. உதறினால் சரியாகிறது. படுத்தால் மறுபடி மரக்கிறது. காலையில் காப்பி டம்ளர் கையை விட்டு நழுவுகிறது.

"போனை ஓயாம நோண்டினா இப்படித்தான்!"

வீட்டில் மாமியார் சொல்வது இது. கம்பெனி சூப்பர்வைசர் சொல்வதும் இது. சில சமயம் டாக்டரே இப்படிச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

இது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பேசாமல் விட்டால் தொழிலாளிக்குப் பண நஷ்டம்.

மணிக்கட்டுக்குள் என்ன?

மணிக்கட்டில் எலும்பும் ஒரு தடித்த பட்டையும் சேர்ந்து ஒரு குறுகலான குழாய் போல இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 நாண்களும், அவற்றோடு ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. நாண்களைச் சுற்றி வீக்கம் கண்டால் இடம் போதாது. நசுங்குவது நரம்பு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி - இவை மரக்கும். சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆகாது. இதற்கு 'கார்பல் டனல்' என்று பெயர்.

சுண்டு விரல் மட்டும் மரத்தால் கதை வேறு. அது முழங்கை நரம்பு. முழங்கையை மடக்கியபடி மணிக்கணக்கில் போன் பேசும் கடைக்காரர்களுக்கும், ஏலகிரி எக்ஸ்பிரசில் உட்கார்ந்து ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வரை முகத்துக்கு நேரே போனைத் தூக்கிப் பிடித்துப் படம் பார்க்கும் குமாஸ்தாக்களுக்கும் இது வரலாம்.

பெருவிரல் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் சுரீர் என்று இழுத்தால் அது மூன்றாவது வகை. 1895ல் டி கெர்வான் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர் இதை விவரித்தார். அன்றைக்குச் செல்போன் ஏது? கையால் செய்யும் வேலைதான் இருந்தது.

முதல் 8 மணி நேரம்

கம்பெனியில் அந்தக் கை என்ன செய்தது என்று பாருங்கள். அப்பர் தைக்கும் இடத்தில் பெரும்பாலும் பெண்கள். வளைந்த தோல் துண்டை ஊசிக்கு அடியில் அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒரு ஜோடி முடிந்தால் அடுத்த ஜோடி. டார்கெட் இருக்கிறது, கை நிற்க முடியாது. பேஸ்டிங்கில் பசை பிரஷ், நூல் வெட்டும் இடத்தில் நாள் முழுக்கக் கத்தரி. டேனரியில் ஈரத் தோலை இழுத்துப் போடும் ஆண்களுக்கு மட்டும் மணிக்கட்டு இரும்பிலா செய்திருக்கிறது?

வீட்டுக்கு வந்தால் துணி பிழிய வேண்டும், மாவு பிசைய வேண்டும். அதற்கும் அதே கைதான்.

இதற்கு மேல்தான் போன். சுமார் 200 கிராம் கனம். ஒற்றைக் கையில் பிடித்து, அதே கையின் பெருவிரலால் தள்ளுவது. கைக்கு ஓய்வு கிடைத்திருக்க வேண்டிய இரண்டு மணி நேரத்தை அது தின்றுவிடுகிறது. போன் செய்யும் கெடுதல் முக்கியமாக இதுதான்.

போனை அதிகம் உபயோகிப்பவர்களுக்குப் பெருவிரல் வலி அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நரம்பு நசுங்குவதற்குப் போன் ஒன்றே காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. சர்க்கரை வியாதி, தைராய்டு, கர்ப்ப காலம்- இவற்றிலும் இது வரும். பலமாகப் பிடித்து, மடக்கி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் வரும் என்பதோ உலகம் ஒப்புக்கொண்ட சங்கதி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010ல் திருத்தி வெளியிட்ட தொழில் நோய்ப் பட்டியலில் கார்பல் டனலும் உண்டு, பெருவிரல் அடி வலியும் உண்டு.

தந்திக்காரருக்குக் கிடைத்தது

அந்தக் காலத்தில் தந்தி அடிப்பவர்களுக்கு விரல் இழுத்துக்கொள்ளும் நோய் வந்தது. நாள் முழுக்க ஒரே கட்டையைத் தட்டியதால் வந்த வினை. 1908லேயே பிரிட்டனில் அதை நஷ்டஈடு தரவேண்டிய தொழில் நோயாகச் சேர்த்துவிட்டார்கள். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. விரல் தட்டுவது நிற்கவில்லை!

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? 1923ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. 2020ம் வருஷத்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 3வது அட்டவணையாக அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. டேனரியில் புழங்கும் குரோமியத்தால் வரும் நோய் அதில் உண்டு. ரசாயனத்தால் வரும் தோல் வியாதி உண்டு. இரைச்சலால் காது கெடுவதும் உண்டு. ஒரே வேலையால் தேயும் மணிக்கட்டு இல்லை.

பட்டியலில் இருக்கும் நோய் என்றால், அந்த வேலையால்தான் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லாத நோய் என்றால் தொழிலாளிதான் மல்லுக்கட்ட வேண்டும். "இன்ன தேதியில் மெஷினில் கை மாட்டியது" என்று சொல்லலாம். கொஞ்சம் கொஞ்சமாய்த் தேய்ந்ததற்குத் தேதிக்கு எங்கே போவது?

ரூபாய்க் கணக்கு

இ.எஸ்.ஐ.யில் சாதாரண வியாதி என்றால் சம்பளத்தில் 70 சதவீதம். அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைதான். வேலையில் பட்ட காயம், தொழில் நோய் என்றால் 90 சதவீதம், வேலை செய்ய முடியாத நாள் வரை.

நாள் சம்பளம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 280 ரூபாய். மற்றதில் 360 ரூபாய். ஒரு மாதத்துக்கு 2,400 ரூபாய் வித்தியாசம். ஒரு வீட்டின் அரிசி, பால் செலவு!

"போனால வந்துச்சு" என்று தொழிலாளியே வாயால் சொல்லிவிட்டால், 90ஐக் கேட்கும் பேச்சே எழாது. கம்பெனிக்கும் சவுகரியம். மெஷின் உயரத்தை மாற்ற வேண்டாம், இடைவேளை கூட்ட வேண்டாம், ஆளை இடம் மாற்றிப் போட வேண்டாம்.

வலி இல்லையே என்று விடலாமா?

மரத்துப் போனால் வலி தெரியாது. அதனால் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இது எவ்வளவு ஆபத்து என்று வேலூருக்குப் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலையில் பிறந்து 1946ல் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர். உணர்ச்சி இல்லாத கையில் சூடும் காயமும் தெரியாமல் படுவதால்தான் விரல்கள் அழிகின்றன என்று எடுத்துக்காட்டியவர். கை அறுவை சிகிச்சைப் பிரிவு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. மரப்போடு தோலில் வெளுத்த தேமலும் இருந்தால், தொழுநோயா என்று அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிடுவது நல்லது. மருந்து இலவசம்.

கார்பல் டனல் ஆரம்பத்தில் பிடிபட்டால் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். அப்புறம் ஊசி. கேட்காவிட்டால் சின்ன ஆபரேஷன். கையை மட்டும் மரக்க வைத்துச் செய்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெருவிரல் அடியில் சதை வற்றும்வரை விட்டால் பழைய பலம் திரும்புவது கஷ்டம்.

பஸ்சில் போனைப் பையில் போடலாம். பார்த்தே தீரவேண்டும் என்றால் மடியில் பை வைத்து அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். தட்டுவதற்குப் பதில் பேசி அனுப்பலாம்.

இ.எஸ்.ஐ. டாக்டரிடம் போகிறவர், எத்தனை நேரம் போன் பார்க்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும். கூடவே எந்தப் பிரிவில் வேலை, ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி, எத்தனை வருஷமாக என்பதையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். நாளைக்குக் கேஸ் என்று வந்தால் அந்தச் சீட்டுத்தான் சாட்சி.